கூட வந்த 20 வயசுப் பையனுக்கு எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவது?

24 மே 2025, இரவு 10.15

இந்த இணையக் குழுவில் நேராகக் கேட்டுவிடுகிறேன். ஜூன் 3 முதல் 5 வரை குடும்பத்தோடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் பங்கோர் தீவுக்குப் போகிறோம். நான், வீட்டுக்காரர், இந்த வருஷம் எஸ்.பி.எம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போகும் 17 வயசு மகள், 12 வயசு மகன். அங்கே தெலுக் நிப்பா கடற்கரையில் இரண்டு அறை போட்டாயிற்று. நேற்று கிள்ளானிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். "என் மகனையும் கூட்டிட்டுப் போயேன், லீவுல வீட்லயே கெடக்கறான்" என்றார். யோசிக்கும் முன்பே என் வாய் "வரட்டும்க்கா" என்று சொல்லிவிட்டது.

பையனுக்கு 20 வயசு. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு இரும்புக் கேட்டை ஆட்டினான். குளியலறையில் மாம்பழ வாசனை. மாம்பழம் ஏது என்று தேடினால், வேப் (மின் சிகரெட்). மறுநாள் மதியம் வரை தூக்கம்.

என் கட்சி இதுதான்: வயசு 20 ஆனாலும் என் செலவில் என் அறையில் தங்குகிறவனுக்கு என் வீட்டுச் சட்டம். இரவு 10 மணிக்கு உள்ளே. சரியா, தப்பா?

25 மே, காலை 6.50

இரண்டே வகைப் பதில்தான் வந்திருக்கிறது. "வளர்ந்த பையன், விட்டுவிடுங்கள்" என்று பாதிப் பேர். "கூட்டிப் போகாதீர்கள்" என்று மீதிப் பேர். இரண்டும் எனக்கு உதவாது.

அக்காவிடம் ஏன் முடியாது என்று சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டார். நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டம். அம்மா விடியறதுக்கு முன்னால் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்விடுவார். அப்போது பக்கத்து வீட்டில் இருந்த இந்த அக்காதான் எனக்குத் தலை சீவி, ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுத்து, சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விடுவார். அவருக்கே அப்போது பதினைந்து வயசுதான். நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது அம்மை போட்டது. அத்தனை ராத்திரியும் வேப்பிலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் ஒன்று கேட்டு நான் முடியாது என்றால் அம்மா செத்த இடத்திலிருந்து எழுந்து வருவார்.

போனை வைக்கும்போது அக்கா சொன்னது: "உன் பிள்ளை மாதிரி பாத்துக்கோ." இந்த 'மாதிரி'யில்தான் சிக்கல் இருக்கிறது. என் பிள்ளையாக இருந்தால் கத்துவேன், அவனும் கத்துவான், அரை மணி நேரத்தில் சோறு கேட்பான். விருந்தாளியாக இருந்தால் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். பிள்ளை மாதிரி என்றால் என்ன செய்வது?

27 மே, இரவு 11.05

ஆபீசில் செக்ரோல் (வேலையாட்கள் சம்பளப் பதிவேடு) எழுதிக்கொண்டே யோசித்தது. (தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை, 22 வருஷம். கணக்குப் பார்த்தே பழகிப்போன புத்தி.)

லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) யார் பிள்ளையின் காதையும் யாரும் திருகலாம். பம்பு வீட்டுத் தாத்தா என் முதுகில் கொடுத்த அறைக்கு அப்பா நன்றி சொன்னார். 'எல்லை' என்று ஒன்றை அங்கே யாரும் பேசியதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவரில் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுவருவார்கள்.

ராத்திரி படுக்கும் முன் அம்மா வாசலில் சிலிப்பர் எண்ணுவார். எங்கள் வீட்டில் ஆறு ஜோடி ஜப்பான் சிலிப்பர். ஆறும் இருந்தால் தாழ்ப்பாள் விழும். ஒன்று குறைந்தால் டார்ச்லைட்டை எடுத்துக்கொண்டு அப்பா கோயில் பக்கம் போவார். எந்தப் பிள்ளை வந்தது, எது வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

அந்த லயம் இப்போது இல்லை. செம்பனை நிற்கிறது. நாங்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில். பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் கேட்டு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால்கூட நான் புலனத்தில் (வாட்ஸ்அப்) சிரிப்பு முகம் போட்டுத்தான் கேட்கிறேன்.

ஆக, லயத்து உரிமையும் என்னிடம் இல்லை, தாமான் நாகரிகமும் இந்தப் பையன் விஷயத்தில் ஒத்துவராது.

29 மே, மதியம் 1.20

மேலே ஒருவர் "18 முடிந்தால் சட்டப்படி பெரியவன், கதை முடிந்தது" என்று எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபம் இல்லை. ஓட்டுரிமை 18 வயசுக்கு இறங்கியது 2021 டிசம்பர் 15-இல். சிகரெட்டும் வேப்பும் 18 ஆனவனுக்கு விற்கலாம். ஆனால் மதுவுக்கு 2017 டிசம்பர் 1 முதல் 21 வயசு. என்னோடு வருகிறவன் பிரதமரைத் தேர்ந்தெடுக்கலாம், பீர் வாங்க முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பங்கோர் 2020 ஜனவரி 1 முதல் வரியில்லாத் தீவு. அங்கே பீர் டின் விலையைப் பார்த்தால் தண்ணீர்ப் போத்தல் வாங்க மனசு வராது என்று எங்கள் ஆலைக்காரர்கள் சொல்வார்கள்.

1 ஜூன், இரவு 9.30

இன்று பையனிடமே பேசினேன். அம்மா வழியாகச் சொல்லாதீர்கள், அவனிடம் நேரே சொல்லுங்கள் என்று இங்கே ஈப்போக்காரர் ஒருவர் சொன்னது மனசில் நின்றது.

பேசும் முன் பழைய செக்ரோல் தாளின் பின்பக்கம் பட்டியல் போட்டேன். பதினொரு விதி வந்தது. வீட்டுக்காரர் படித்துப் பார்த்து, "என்னா இது, கடலுக்குப் போறமா, பெரட்டுக்குப் போறமா?" என்று கேட்டார். மேலே சிலிப்பர் பற்றி எழுதியதை மகள் வேறு படித்திருக்கிறாள். "அம்மா, சங்கு ஊதுறதுக்கும் ஆள் வச்சிருக்கீங்களா?"

அடித்து அடித்து மூன்றில் வந்து நின்றது. தனியாகக் கடலில் இறங்கக் கூடாது. மோட்டார் எடுத்தால் என்னிடம் கேட்டுத்தான். ராத்திரி 10 மணி.

மூன்றாவதில் பேரம் நடந்தது. அவன் 12 என்றான். நான் 10 என்றேன். "சித்தி, பத்து மணிக்கு முன்னால எங்க வீட்ல சோறே ஆக்க மாட்டாங்க" என்றான். அது உண்மை. அக்கா மாலை ஷிப்ட் முடிந்து வரவே அந்த நேரம் ஆகும். 11.30-க்கு ஒப்புக்கொண்டேன்.

"சரி சித்தி" என்றான். வேகமாகச் சொன்னான். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

பீர் பற்றி வாயைத் திறக்கவில்லை. சொல்லாமலே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

3 ஜூன், இரவு 10.40

வந்து சேர்ந்தோம். லுமுட்டில் காரைப் போட்டுவிட்டு ஃபெரி. ஐஸ் பெட்டியை அவன்தான் தோளில் வைத்து ஏற்றினான், யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் கடற்கரையில் இருவாச்சிப் பறவைகள் வந்து கம்பத்தில் உட்கார்ந்தன. மகன் கொடுத்த பப்பாளித் துண்டை ஒன்று அலகு நுனியில் வாங்கி, மேலே தூக்கிப் போட்டு விழுங்கியது. பையன் அதைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினான். 11 மணிக்கெல்லாம் படுத்துவிட்டான்.

நான் வீணாகப் பயந்தேன் போல.

4 ஜூன், காலை 7.40

வீணில்லை. காலை 6 மணிக்குக் கதவு சத்தம். வெளியே வந்து பார்த்தால் நீச்சல் கால்சட்டையோடு நிற்கிறான். நேற்றே கயாக் காரரிடம் பேசி வைத்திருக்கிறான், எதிரே தெரிகிற கியாம் தீவு வரை துடுப்புப் போட்டுப் போய்வரப் போகிறானாம். தனியாக. கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. "பாருங்க சித்தி, அலையே இல்ல."

இந்தக் கரையில் இந்த மாதங்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும். எங்கள் ஊரில் செம்பனை மட்டையை வைத்தே அதைக் கண்டுபிடிப்போம். போகக் கூடாது என்றேன். முகம் செத்துப்போயிற்று. "நான் என்ன சின்னப் பிள்ளையா?" "இல்ல. எனக்கு அறுபது வயசு ஆனாலும் இப்ப நான் தனியா இறங்க மாட்டேன்" என்றேன். கயாக் காரரே, இன்னும் உயிர்காப்புச் சட்டை எடுத்து வைக்கவில்லை, எட்டு மணிக்கு வா என்றார்.

6.50-க்குக் காற்று வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் மணலில் உருண்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான், "உங்க சித்திக்கு வானிலை இலாகாவுல வேலை காலியா இருக்காம்" என்றார். பையன் சிரித்துவிட்டான்.

5 ஜூன், விடியற்காலை 2.20

எல்லாச் சிலிப்பரும் வாசலில் இருக்கிறது. பையன் இல்லை.

5 ஜூன், விடியற்காலை 3.10

கிடைத்துவிட்டான். எழுத இப்போது தெம்பு இல்லை.

6 ஜூன், இரவு 8.45

வீடு வந்து சேர்ந்தோம். வரிசையாகச் சொல்கிறேன், பலர் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் மோட்டார் கதை, அது 4-ஆம் தேதி மதியம். வாடகை மோட்டார்க் கடையில் அவன் சாவியைக் கையில் வாங்கிவிட்டான். என் மகள் பின்னால் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்தாயிற்று. தலைக்கவசம் இல்லை, அந்தத் தீவில் பாதிப் பேர் போடுவதுமில்லை. நான் கையை நீட்டினேன். "லைசென்ஸ் காட்டு." எடுத்துக் கொடுத்தான். படத்தில் முடி நட்டுக்கொண்டு நிற்கிறது. டி மட்டும்தான் இருந்தது, பி2 இல்லை. கார் ஓட்டலாம், மோட்டார் ஓட்டக் கூடாது. அதுவும் புது ஓட்டுநர்கள் காரில் 'P' ஒட்ட வேண்டிய காலம் இன்னும் முடியவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். மகள் தானாகவே இறங்கிவிட்டாள். அந்த ரோஸ் நிற வேன் டாக்சி ஒன்றைப் பிடித்து எல்லாரும் டச்சுக்காரர் கோட்டை பார்க்கப் போனோம். 1670-இல் ஈயம் வைக்கக் கட்டியது. பையன்தான் பலகையைப் படித்து மகனுக்குச் சொல்லிக்கொடுத்தான். கோபம் இல்லை. தாளில் எழுதியிருந்ததால் நான் கெட்டவளாக வேண்டி வரவில்லை.

அப்புறம் ராத்திரி. 11.40-க்கு வாசலில் ஐந்து ஜோடி எண்ணினேன். அம்மா மாதிரியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தூங்கினேன். 1.50-க்கு மகன் வந்து கதவைத் தட்டினான். "அம்மா, அண்ணன் இல்ல." போன் போட்டேன். அவர்கள் அறையிலேயே சார்ஜில் கிடந்து அடித்தது. வாசலில் அவன் சிலிப்பர் இருந்தது, நீலவார், ஒரு பக்கம் தேய்ந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கால் நடுங்கியது. சிலிப்பர் இருக்கிறது, ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்? காலையில் கயாக் கேட்டவன்.

வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் டார்ச்லைட்டோடு போனோம். பாறைப் பக்கம், பூட்டிய கயாக் கடைக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பந்து விளையாட்டு பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். தெலுக் இந்தானிலிருந்து வந்த இரண்டு பையன்கள் கூட. காலில் ஒன்றும் இல்லை. மணலில் நடக்கச் சிலிப்பர் எதற்கு என்று விட்டுவிட்டு வந்தானாம். பக்கத்தில் மூன்று பீர் டின்.

"சித்தி, இங்கதான இருக்கேன், கூப்ட்டா கேக்கும்."

அப்போது நான் சொன்னதை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். அந்தப் பையன்கள் முன்னால் சொன்னேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். "ஒங்கம்மா ராத்திரி ஷிப்ட் பாத்து உன்னப் படிக்க வைக்கிறாங்க" என்பதும் அதில் இருந்தது. ஒருவன் எழுந்து "சாரி ஆண்ட்டி" என்றான். இவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நடந்து அறைக்குப் போய்விட்டான்.

நான் வராந்தாவில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். மணி 2.40.

காலையில் யாரும் பேசவில்லை. பசியாறும்போது ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. ஃபெரியில் பின்னால் வெளியே போய் நின்றுகொண்டான். ஈப்போவில் பஸ் ஏற்றிவிட்டேன். "போய்ட்டு வரேன் சித்தப்பா" என்றான். சித்தப்பாவிடம் மட்டும்.

என் தீர்ப்பு: 11.30 என்று ஒப்புக்கொண்டதே தப்பு. 10 மணியில் நின்றிருக்க வேண்டும். டின் வாங்கியது அதைவிடப் பெரிய தப்பு.

7 ஜூன், இரவு 7.15

திருத்தம். அவமானத்தோடு எழுதுகிறேன்.

இன்று ராயா ஹாஜி (ஹஜ்ஜுப் பெருநாள்). பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் ரெண்டாங் கறி கொடுத்தனுப்பியிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் மறுபடியும் அந்த மூன்று டின் கதையை ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "அந்த டின்ன நான்தான் குடுத்தேன்."

பங்கோர் டவுனில் ஒரு தட்டு பீர் வாங்கி, நெத்திலிக் கருவாட்டுப் பையில் மறைத்து வைத்திருக்கிறார். எனக்கு மறைத்ததுதான். ராத்திரி பையனுக்கு மூன்றை எடுத்துக் கொடுத்து "சித்திகிட்ட சொல்லாத" என்றிருக்கிறார். அவனும் சொல்லவில்லை. கடற்கரையில் நான் அத்தனை பேச்சுப் பேசியபோதும் "சித்தப்பாதான் குடுத்தாரு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

29-ஆம் தேதி சட்டம் எல்லாம் எழுதினேனே, அதைப் படித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 50 வயசு ஆளுக்குத்தான் விற்றிருக்கிறார். சட்டத்தை மீறியவர் என் வீட்டிலேயே ரெண்டாங் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு வாரம் அவருக்குத் தேத்தண்ணி அவரே கலக்கிக்கொள்வார்.

9 ஜூன், இரவு 10.00

ஒருவர் இதைப் படித்துவிட்டு, பங்கோர் என்றாலே விருந்தாளி எல்லை மீறுகிற இடம்தானே என்று எழுதியிருக்கிறார். ரசித்தேன். 1874 ஜனவரி 20-இல் அந்தத் தீவை ஒட்டி நின்ற கப்பலில்தான் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக் சுல்தான் ஓர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தங்க வீடு கொடுக்க வேண்டும். மலாய்க்காரரின் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்கிற ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும். ஆலோசனையாம், ஆனால் கேட்டே ஆக வேண்டுமாம்.

முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். நான் பரவாயில்லை, போன்தான் போட்டேன்.

இதைச் சிரித்துக்கொண்டே மகளிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "இதுல ரெசிடெண்ட் யாரும்மா, அண்ணனா, நீங்களா?"

16 ஜூன், இரவு 9.50

மகள் கேட்டது ஒரு வாரமாக உறுத்துகிறது.

இன்றைய தேதி எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்துதான் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம். 1960 ஜூலை வரை நீண்டது. பாட்டி சொல்வார்: லயத்தைச் சுற்றி முள்கம்பி, இருட்டினால் கேட்டு சாத்திவிடுவார்கள், காலையில் வேலைக்குப் போகும்போது தூக்குச் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள், காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று. அரிசியை அளந்து கொடுத்த காலம். பாட்டிக்கு அப்போது வயசு 19. கல்யாணமாகிக் கையில் குழந்தை. "கொழந்தைக்கு வவுத்து வலின்னு வெளிய வந்தாக்கூட டார்ச்லைட்ட மூஞ்சியில அடிப்பானுங்க" என்பார். அதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார், வெளிச்சம் இப்போதும் அடிக்கிற மாதிரி.

நான் அந்தப் பையன் முகத்தில் டார்ச்லைட் அடித்தேன். வேண்டுமென்று இல்லை. யார் என்று பார்க்க. அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அதைப் பெரிதாக்காதீர்கள். ஞாபகம் வந்தது, எழுதினேன்.

28 ஜூன், இரவு 11.30

அக்கா வந்திருந்தார். சொந்தத்தில் ஒரு கல்யாணம், அப்படியே எங்கள் வீட்டுக்கும். இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தோம். கீரை முடியும் வரை வேறு எதை எதையோ பேசினார். கடைசிக் காம்பை உருவிப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நீ அவன நாலு அறை விட்டிருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்லடி. அந்த நேரத்துல போன் பண்ணியிருக்க வேணாம்."

2.40-க்குப் போன் அடித்ததும் பிள்ளை கடலில் போய்விட்டான் என்றே நினைத்தாராம். நான் "கெடச்சிட்டான்க்கா" என்று ஆரம்பித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். "உங்க மகன் பண்ண வேலயப் பாத்தீங்களா" என்றுதான் ஆரம்பித்தேனாம். அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. காலை ஏழு மணி ஷிப்டுக்குத் தூங்காமலே போயிருக்கிறார். அன்று முழுக்க மகனுக்குப் போன் மேல் போன்.

ஆக, ஈப்போக்காரர் சொன்னதைக் கேட்டு முதலில் அவனிடம் நேரே பேசினேன், சரிதான். கோபம் வந்ததும் அவன் தலைக்கு மேலே போய் அம்மாவிடம் நின்றேன். 20 வயசுக்காரனிடம் பேரம் பேசி 11.30 என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, மீறியதும் பத்து வயசுப் பையனைப் போலப் புகார் கொடுத்தேன். 6-ஆம் தேதி "10 மணியில் நின்றிருக்க வேண்டும்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மணி எத்தனை என்பதில் ஒன்றுமில்லை. வெளியே போனால் போனை எடுத்துக்கொண்டு போ, எங்கே இருக்கிறாய் என்று ஒரு வரி அனுப்பு, நான் தூங்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் போதும். 11.30 என்று நான் கேட்டதும் தூங்கத்தான். ஆனால் அவனிடம் அதை ஒழுக்கம் மாதிரி சொன்னேன்.

கடலும் மோட்டாரும் வேறு. அதில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்னொரு தடவை போனாலும் லைசென்ஸ் கேட்பேன்.

அவனுக்கு எழுதினேன். "கூட்டாளிங்க முன்னால பேசினது தப்பு. அம்மாவுக்குப் போன் பண்ணதும் தப்பு. பீர் விசயம் சித்தப்பா சொல்லிட்டார்." நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

2 ஜூலை, காலை 7.05

கட்டைவிரல் வந்தது. வெறும் கட்டைவிரல்.

9 ஆகஸ்ட், மாலை 5.30

புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். மகளின் தோழியை, 19 வயசு, கேமரன் மலைக்குக் கூட்டிப் போகிறார்களாம், காசு விஷயத்தை எப்படிப் பேசுவது என்று. அதில் என் அனுபவம் ஒன்றை மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கிளம்பும் முன் அக்கா 200 வெள்ளியை (ரிங்கிட்) உறையில் வைத்து அவனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். நான் வாங்கவில்லை. "என்னா பேச்சு இது, பிள்ளை மாதிரி" என்று பெருமையாகத் திருப்பி அவன் சட்டைப் பையிலேயே செருகினேன். அதற்குப் பிறகு மூன்று நாளும் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் அவன் வெறும் மீ கோரேங் (வறுத்த மீ), இல்லாவிட்டால் ரொட்டி கோசோங் (ஒன்றும் சேர்க்காத ரொட்டி). மீன் எடுத்துக்கொள் என்றால் வேண்டாம் என்பான். இறால் தட்டை அவன் பக்கம் தள்ளினால் ஒன்று எடுப்பான். சரியான சாப்பாட்டுச் சோம்பேறி என்று வீட்டுக்காரரிடம் முனகினேன். மகள்தான் பிறகு சொன்னாள்: "அண்ணன் மெனுவுல வலது பக்கம்தாம்மா பாக்கும். விலை இருக்குற பக்கம்."

நான் காசை வாங்காததால் அவன் வாய் கட்டிப்போயிற்று. அக்காவிடம் நூறு வாங்கியிருக்கலாம். அவன் ஒரு வேளை சாப்பாட்டுக்கு எங்கள் எல்லாருக்கும் காசு கொடுத்திருப்பான், கொடுத்தவன் ஒரு மீனும் கேட்டு வாங்கியிருப்பான். கேமரன் போகிறவரே, அறையும் பயணமும் எங்களது, ஒரு வேளை சாப்பாடு உன்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண் நிம்மதியாகச் சாப்பிடும். அறையை யாரோடு பகிர்வது என்பதையும் ஏறும் முன் சொல்லுங்கள், அங்கே போய்ப் பெட்டியோடு நிற்க வைக்காதீர்கள். மற்றபடி அந்த மலைப் பாதையில் வாந்தி வருமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம்.

12 அக்டோபர், இரவு 8.20

இந்த இழையை இன்னும் படிக்கிறவர்களுக்கு. இன்று பையனிடமிருந்து செய்தி வந்தது. ஜூலைக் கட்டைவிரலுக்குப் பிறகு இதுதான் முதல்.

"சித்தி தீபாவளிக்கு மொத நாளே வரேன். ராத்திரி கூட்டாளிங்கள பாக்கப் போவேன். லேட்டாகும். போன் எடுத்துட்டுப் போறேன். சிலிப்பரும் போட்டுட்டுப் போறேன்."

சிலிப்பர் விஷயத்தை மகள்தான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மார்க்கெட் பக்கத்துச் சாவிக்கடையில் ஒரு மாற்றுச் சாவி வெட்டினேன், ஆறு வெள்ளி. வீட்டுக்காரர் இரும்புக் கேட்டின் கீலுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார், பையன் எந்நேரம் வந்தாலும் எனக்குத் தூக்கம் கலையக் கூடாதாம். அவர் குளிக்கப் போனதும் பழைய துணி எடுத்துப்போய் எண்ணெயைத் துடைத்துவிட்டேன். இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். கிரீச்சென்றது.